வேரைத் தேர்க!

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவந்த அன்றே தமிழ்நாட்டின் பல்லாயிரம் இல்லங்களில் ஒரே வினா எழுகின்றது. ‘பிள்ளையை எதில் சேர்ப்பது?’ என்பதே அவ்வினா. கணினிப் படிப்பே காலத்திற்கேற்றது என்கின்றார் ஒருவர். மருத்துவத்துறையில் ஏதேனும் ஒரு மூலையில் இடம்பிடித்துவிட வேண்டும் என்கின்றார் மற்றொருவர். வெளியூரிலிருக்கும் தாய்மாமனோ தொலைப்பேசி வழியாகவே கல்லூரியின் பெயரையும் பிரிவின் பெயரையும் சொல்லி முடித்துவிடுகின்றார். இத்தனை பேரும் பேசி ஓய்ந்த பின்னரும் அவ்வீட்டில் வாய்திறவாதிருப்பவர் ஒருவர் உளர். அவர்தாம் படிக்கப் போகும் பிள்ளை!

வினாவிலேயே பிழை தொடங்கிவிடுகின்றது. மூட்டையை எந்த வண்டியில் ஏற்றுவது என்று கேட்பதுபோல, பிள்ளையை எதில் சேர்ப்பது என்று கேட்கின்றனர். பதினேழு அகவை நிரம்பிய பிள்ளைக்குத் தனக்கென ஒரு நாட்டமும் ஒரு திறமும் ஓர் அச்சமும் உண்டு. அவற்றைக் கேட்டறியாமல் எடுக்கப்படும் முடிவு, மண்ணைப் பாராமல் விதைத்த விதையைப் போன்றதே.

இதில் இழக்கப்படுவதும் சிறு பொருளன்று. ஒரு பருவத்து விளைச்சல் பொய்த்தால் அடுத்த பருவத்தில் ஈடுசெய்து கொள்ளலாம். தாயின் கழுத்து நகையை ஈடுவைத்தும், தந்தையின் அரைக்காணி நிலத்தை விற்றும், வங்கியில் கடன் பெற்றும் கட்டணங் கட்டிக் கழித்த நான்காண்டுகள் மீண்டு வாரா. விருப்பமில்லாப் பாடத்தில் தோல்விமேல் தோல்வி கண்டு, தேறாத தாள்களோடு ஊர் திரும்பி, உறவினர் முகத்தில் விழிக்கக் கூசி ஒடுங்கிக் கிடக்கும் இளைஞர் எத்துணைப் பேர்! அவர்கள் அறிவிலிகளல்லர், இடம் மாற்றி நடப்பட்டவர்கள். அவ்வளவே.

படிப்பு, பட்டம், பிழைப்பு எனும் மூன்றையும் ஒன்றெனக் கருதும் மயக்கமே இவ்விழப்பிற்கு முதற் கரணியம். படிப்பு என்பது ஓர் அறிவுத்துறையில் உள்ளம் பயின்று வல்லமை பெறுதல். பட்டம் என்பது அப்பயிற்சிக்குக் கிடைக்கும் சான்றுத்தாள். பிழைப்பு என்பது அவ்வல்லமையைக் குமுகாயத்திற்குப் பயன்படுத்திப் பெறும் ஊதியம். 1835-ஆம் ஆண்டு மெக்காலே வகுத்த வழியில் அமைந்த கல்வி, அலுவலகங்கட்கு எழுத்தர்களை உருவாக்குவதையே பெரும்பான்மை நோக்கமாகக் கொண்டிருந்தது. ஆகலின், பட்டத்தைக் காட்டினால் பணி கிட்டும் எனும் எண்ணம் தலைமுறை தலைமுறையாக ஊறிவிட்டது. வெள்ளையன் வெளியேறிய பின்னரும் அவ்வெண்ணம் வெளியேறவில்லை. எழுத்தர் நாற்காலியிருந்த இடத்தில் இன்று கணினி நாற்காலி இருக்கின்றது, வேறுபாடு அத்துணையே!

அம்மயக்கத்தோடு மந்தையுணர்வும் சேர்ந்து கொண்டது. தமிழ்நாட்டில் 1984-இல் தனியார் பொறியியற் கல்லூரிகட்கு வாயில் திறக்கப்பட்டது. அதன்பின் அவை காளான்களெனப் பெருகின. 2010-களில் பொறியியற் கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூற்றைத் தாண்டியது. ‘யார் வீட்டிலும் ஒரு பொறிஞர்’ என்னும் நிலை வந்தது. ஆயின் அதே 2010-களின் பிற்பகுதியில், கலந்தாய்வு முடிந்தும் பல்லாயிரம் இடங்கள் நிரம்பாமல் கிடந்தன. கல்லூரிகள் பல மூடப்பட்டன. கட்டுமானப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் ஒரு காலத்தில் தலைதூக்கி நின்றன. இன்று கணினி சார்ந்த பிரிவுகள் முதலில் நிரம்ப, அவை காத்துக் கிடக்கின்றன. நாளை எது முந்தும், எது பிந்தும் என்பதை எவரால் அறுதியிட்டுச் சொல்ல இயலும்?

சந்தையைப் பார்த்துப் படிப்பைத் தேர்வார் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அவர்கள் பார்ப்பது சேரும் ஆண்டின் சந்தை. பட்டத்தோடு போய் நிற்பதோ நான்காண்டு கழிந்த சந்தை. 1997-இல் கணினித்துறையின் எழுச்சியைக் கண்டு கல்லூரியில் புகுந்தவர் 2001-இல் வெளிவந்தபோது, அமெரிக்க நாட்டுக் கணினி நிறுவனங்கள் சரிந்து கொண்டிருந்தன. 2004-இல் அவ்வாறே புகுந்தவர் 2008-இல் வெளிவந்தபோது உலகப் பொருளியல் நெருக்கடி எதிர்கொண்டது. அவருள் பாடத்தை விரும்பிப் பயின்று வல்லமை பெற்றிருந்தவர் ஓரிரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்து நிமிர்ந்தனர். கூட்டத்தோடு கூட்டமாகப் புகுந்தவரோ சான்றுத்தாளோடு நின்றனர். புயலில் மரத்தைக் காப்பது வேரேயன்றி இலையன்று.

மதிப்பெண்ணும் தன் பங்கிற்குக் கேடு செய்கின்றது. பொறியியற் கலந்தாய்விற்குக் கணிதத்தில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என 200-க்குத் தகுதி மதிப்பெண் கணிக்கப்படுகின்றது. இடங்கள் சில, கேட்பவர் பலர் ஆதலின் வரிசைப்படுத்த ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. வரிசைப்படுத்துவதற்கு மட்டுமே அவ்வளவுகோல் ஆகும். அது மாணவனின் உள்ளத்தை அளப்பதன்று. ஆனால் வீடுகளில் நடப்பதென்ன? ‘இத்துணை மதிப்பெண் பெற்றுவிட்டு வரலாறா படிப்பது? இயற்பியலா படிப்பது?’ என்கின்றனர். மிகுதியான மதிப்பெண்ணை மிகுதியான பணமெனக் கருதி, அதற்குக் கிடைக்கும் விலையுயர்ந்த பொருளை வாங்காவிடில் இழப்பென எண்ணுகின்றனர். கடையில் இருப்பதிலேயே விலை மிக்க செருப்பை வாங்கினாலும், காலுக்குப் பொருந்தாவிடில் புண்ணன்றோ மிஞ்சும்!

இனி, மாணவரின் நிலையைப் பார்த்தல் வேண்டும். பதினேழு அகவையில் ஒரே தொழிலில் உள்ளம் ஊன்றி நிற்பவர் மிகச் சிலரே. மருத்துவராதலே தம் வாழ்வென்றோ, பட்டயக் கணக்கராதலே தம் குறிக்கோளென்றோ தெளிந்தவர் நேர்வழியிற் செல்லலாம். பெரும்பாலோர் அத்தகையரல்லர். கணிதத்தில் நாட்டமுள்ள ஒரு மாணவிக்கு ஆசிரியையாகவும் விருப்பம், கணினித்துறையிலும் விருப்பம், மாவட்ட ஆட்சியராகும் கனவும் உண்டு. இம்மூன்றனுள் ஒன்றை இன்றே தேர்ந்து ஏனையவற்றை வெட்டியெறி என்று அவளை நெருக்குதல் முறையாகுமா?

அத்தகையார்க்கு வழி ஒன்று உண்டு. தொழில்கள் கிளைகள், அவற்றைத் தாங்கும் அடிப்படை அறிவுத்துறை வேர். கிளைகளுள் எதனைப் பற்றுவது என்று தெளிவு பிறக்காதபோது, அக்கிளைகள் பலவும் எந்த வேரினின்று கிளைக்கின்றனவோ அவ்வேரைத் தேர்தலே அறிவுடைமை.

மேற்சொன்ன மாணவி கணிதத்தையே பட்டப்படிப்பாகக் கொள்கின்றாள் என்க. அதன்பின் கல்வியியற் பட்டம் பெற்று ஆசிரியையாகலாம். கணினிப் பயன்பாட்டியலில் முதுநிலை பயிலலாம். புள்ளியியலுக்கோ, காப்பீட்டுக் கணிப்பியலுக்கோ, பொருளியலுக்கோ திரும்பலாம். மேனிலைப் பள்ளியில் கணிதம் பயின்று அறிவியல் இளவர் பட்டம் பெற்றவர் பொறியியலின் இரண்டாமாண்டில் நேரே சேரவும் வழியுண்டு. இந்திய ஆட்சிப்பணித் தேர்விற்கு எந்தப் பட்டமும் போதும். மூன்றாண்டுச் சட்டப்படிப்பிற்கும் எந்தப் பட்டமும் போதும். ஒரு வேரிலிருந்து இத்துணைக் கிளைகள்! தெளிவு பிறக்க மூன்றாண்டுக் காலமும் அவளுக்குக் கிட்டுகின்றது.

பொறியியலுக்குள்ளும் இதே முறை பொருந்தும். எந்திரப் பொறியியல் பயின்றவர் ஊர்தித் தொழிலுக்கும் வானூர்தித் துறைக்கும் ஆற்றல் ஆக்கத்திற்கும் செல்லலாம். அவற்றுள் ஒன்றை மட்டும் குறுகப் பயின்றவர் எந்திரத்துறை முழுமைக்கும் திரும்புவது கடினம். செயற்கை நுண்ணறிவு என்றும் தரவறிவியல் என்றும் பெயர் பொறித்த பிரிவுகள் இன்று கல்லூரிதோறும் முளைக்கின்றன. அவற்றின் அடியில் கிடப்பவை நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் புள்ளியியலும் நிரலாக்கமுமே. அவ்வடிப்படையை ஆழக் கற்பிக்கும் கல்லூரியாயின் பெயர் எதுவாயினும் சேரலாம். பெயரை மட்டும் விற்கும் கல்லூரியாயின் விலகுதல் நன்று. புதுப்பெயர் சூட்டிய பட்டங்களுள் எவை ஆசிரியப் பணிக்கும் பிற அரசுப் பணிக்கும் இணைப்பட்டங்களாக ஏற்கப்படுகின்றன என்பதைச் சேருமுன் கேட்டறிதல் வேண்டும். சேர்ந்த பின் அழுது பயனில்லை.

இம்முறை வெறுங்கற்பனையன்று, தமிழர் வாழ்விலேயே சான்றுகள் உள. இராமேசுவரத்து அப்துல் கலாம், திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1954-இல் முடித்தார். இயற்பியல் தம் துறையன்று என்பதை அப்படிப்பு முடிந்த பின்னரே உணர்ந்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே கூறியுள்ளார். அந்நாளில் அறிவியற் பட்டம் பெற்றவரைச் சேர்த்துக்கொண்ட சென்னைத் தொழில்நுட்பப் பயிலகத்தில் வானூர்திப் பொறியியல் பயிலச் சென்றார். கட்டணங் கட்ட அவர்தம் தமக்கையார் தம் பொன்வளையல்களையும் கழுத்துச் சங்கிலியையும் ஈடுவைத்தார். பின்னர் வான்படையில் வலவராக விரும்பித் தேர்விற்குச் சென்றபோது எண்மரே வேண்டப்பட்டனர், அவரோ ஒன்பதாமவரானார். அக்கிளை முறிந்தது. ஆயின் வேர் இருந்தது. அதனின்றே ஏவூர்தியும் ஏவுகணையும் கிளைத்தன.

குமரி மாவட்டத்து உழவர் குடியிற் பிறந்த சிவனும் அவ்வாறே. தமிழ்வழியிற் பள்ளிக் கல்வி பெற்ற அவர், நாகர்கோவிலில் கணிதத்தில் பட்டம் பெற்ற பின்னரே அதே பயிலகத்தில் வானூர்திப் பொறியியல் பயின்று 1980-இல் தேறினார். 1982-இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் பணியேற்றார். 2018 முதல் 2022 வரை அதன் தலைவராக விளங்கினார். முதலில் பொறியியல் கிட்டவில்லை என்று அவர் வாழ்வு முடிந்துவிடவில்லை. கணித வேர் அவரைத் தாங்கியது.

கோ. நம்மாழ்வார் வரலாறு வேறொரு பாடம் புகட்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்ற அவர் 1963-இல் கோவிற்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் அரசுப்பணி ஏற்றார். அங்கு நடக்கும் ஆராய்ச்சி மானாவாரி உழவர்க்குப் பயன்படவில்லை எனக் கண்டு 1969-இல் அப்பணியைத் துறந்தார். பணியைத் துறந்தாரேயன்றிப் படிப்பைத் துறந்தாரல்லர். 2013-இல் மறையும்வரை அவ்வேளாண் அறிவே அவர்க்குக் கருவியாக இருந்தது. பணி மாறலாம்; வேர் மாறாது.

தேர்வது எங்ஙனம் எனின், வள்ளுவப் பெருமான் வகுத்த முறையினும் சிறந்ததில்லை. தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என 47 முதல் 50 வரை நான்கு அதிகாரங்களை அவர் வரிசையாக வைத்தார். அவற்றுள் வலியறிதலில் செயலின் கடுமை, தன் ஆற்றல், எதிர்நிற்பதன் ஆற்றல், துணையின் ஆற்றல் ஆகிய நான்கினையும் எடைபோடச் சொல்கின்றார். அரசர்க்குச் சொன்னது மாணவர்க்கும் பொருந்தும்.

முதலாவது, செயலின் கடுமை. சேர விரும்பும் பிரிவின் முதலாண்டுப் பாடத்திட்டத்தை மட்டுமன்றி இறுதியாண்டுப் பாடத்திட்டத்தையும் வினாத்தாள்களையும் பார்த்தல் வேண்டும். அத்தொழிலில் பத்தாண்டு உழைத்தவர் மூவரைக் கண்டு, ஒரு நாளை எவ்வாறு கழிக்கின்றனர் என்று கேட்டல் வேண்டும். மூவருள் ஒருவரேனும் அத்தொழிலில் மனநிறைவில்லாதவராக இருத்தல் நன்று. வழக்கறிஞராக விரும்புபவர் திரைப்படத்து வழக்கறிஞரைப் பார்த்து முடிவு செய்யாமல், ஊர் வழக்குமன்றத்தில் ஒருநாள் முழுதும் அமர்ந்து பார்க்கட்டும்.

இரண்டாவது, தன் ஆற்றல். எவரும் ஏவாதபோதும் எந்தப் பாடநூலைக் கை தானே எடுக்கின்றது? எந்தக் கணக்கில் தோற்றாலும் மீண்டும் போட்டுப் பார்க்கத் தோன்றுகின்றது? ஒரு பாடத்தின்மீதுள்ள விருப்பமா, அதனைக் கற்பித்த நல்லாசிரியர்மீதுள்ள விருப்பமா என்பதையும் பிரித்தறிதல் வேண்டும்.

மூன்றாவது, எதிர்நிற்பது. ஓரிடத்திற்கு எத்துணைப் பேர் போட்டியிடுகின்றனர், அது கிட்டாவிடில் அடுத்தது யாது என்பதை முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். மாற்றுவழி வகுத்துக் கொள்வது கோழைமையன்று. படைநடத்துவோர் செயலே அது.

நான்காவது, துணை. குடும்பத்தின் பொருள்நிலை எத்துணை ஆண்டு தாங்கும் என்பதைப் பெற்றோரும் பிள்ளையும் மறைக்காமல் பேசுதல் வேண்டும். விரைந்து பொருளீட்டியே ஆகவேண்டிய வீட்டுப் பிள்ளை தொழிற்பயிற்சி நிலையத்திலோ பல்தொழில்நுட்பக் கல்லூரியிலோ சேர்வது எவ்வகையிலும் இழிவன்று. மூன்றாண்டுப் பட்டயம் பெற்றவர் பின்னர்ப் பொறியியலின் இரண்டாமாண்டில் சேரலாம்; வாயில் அடைபடுவதில்லை. அரசின் உதவிகளையும் அறிதல் வேண்டும். குடும்பத்தின் முதற்பட்டம் பெறுவோர்க்கு, கலந்தாய்வின் வழித் தொழிற்கல்வியிற் சேர்ந்தால் கல்விக்கட்டணச் சலுகை 2010-ஆம் ஆண்டு முதல் உண்டு. அரசுப்பள்ளி மாணவர்க்கு மருத்துவத்தில் 2020-ஆம் ஆண்டிலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 2021-ஆம் ஆண்டிலும் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு வந்தது. இடைத்தரகன் பேச்சை நம்பி மேலாண்மை ஒதுக்கீட்டு இடத்தை விலைகொடுத்து வாங்குபவர் பணத்தோடு இவ்வுரிமைகளையும் இழக்கின்றனர்.

பயிற்றுமொழியும் இத்தேர்வில் அடங்கும். தமிழ்வழியிற் பயின்றோர்க்குத் தமிழ்நாட்டரசுப் பணிகளில் 20 விழுக்காட்டு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. பின்னர் வந்த திருத்தத்தால், பள்ளி முதல் அப்பணிக்குரிய கல்வித்தகுதி வரை முழுதும் தமிழ்வழியிற் பயின்றவர்க்கே அம்முன்னுரிமை உரியதாயிற்று. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் பயின்றுவிட்டு, பெருமைக்காகக் கல்லூரியில் ஆங்கில வழிக்கு மாறுபவர் பட்டத்தகுதிப் பணிகளில் அவ்வுரிமையைத் தம் கையாலேயே கழற்றி எறிகின்றனர். கட்டுமானப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் 2010 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தமிழில் பயிற்றப்படலாயின என்பதையும் பலர் அறியார்.

தமிழையே பாடமாகக் கொள்வது பற்றியும் ஒரு சொல். எங்கும் இடங்கிடைக்காதவர்க்குத் தமிழ் என்னும் இழிநிலை இன்னும் முற்றும் ஒழியவில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராயிருந்த மு. வரதராசனார், உடல்நலிவால் அப்பணியை விட்டபின் தமிழ் பயின்று 1935-இல் வித்துவான் தேர்வில் முதல்வராகத் தேறினார். 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். விரும்பித் தேர்ந்தவரைத் தமிழ் கைவிட்டதில்லை. எனினும் தமிழ்ப்பற்று ஒன்றையே தகுதியாகக் கொண்டு, இலக்கணத்தில் நாட்டமில்லாதார் தமிழ் பயிலப் புகுதல் வேண்டா. பற்று வேறு, பயிற்சி வேறு. உயிரியலில் திறமுள்ளவர் நல்ல மருத்துவராகித் தமிழில் மருத்துவ நூல் எழுதினால் அதுவும் தமிழ்த்தொண்டே. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றி, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். அயலார் செய்த அதனைத் தமிழ் மருத்துவர் செய்தல் அரிதாகுமோ?

இறுதியாக, பெண்மக்கள். மகன் என்றால் திறத்தையும், மகள் என்றால் தொலைவையும் பார்த்துக் கல்லூரியைத் தேரும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உள்ளது. ‘பேருந்தில் போய்த் திரும்பும் கல்லூரி எதுவோ அதில் இருப்பது எதுவோ அதுவே அவள் படிப்பு’ எனப் பாடமே முடிவு செய்யப்பட்டுவிடுகின்றது. நிலஅளவியலில் வல்லவளாகக் கூடியவள் வேண்டாத வணிகவியலிலும், கணிதத்தில் ஒளிரக் கூடியவள் விரும்பாத பிறிதொன்றிலும் அடைக்கப்படுகின்றாள். இதனால் குன்றுவது ஒரு பெண்ணின் வாழ்வு மட்டுமன்று. ஓரினத்தின் அறிவுச்செல்வத்திற் பாதி.

பெற்றோர் வழிகாட்டுக, வழிமறியாதிருக்க! ஆசிரியர் மதிப்பெண்ணைப் பாராமல் மாணவரைப் பார்க்க! கல்லூரியின் கட்டடத்தையும் சுவரொட்டியையும் கண்டு எவரும் மயங்காதிருக்க! முடிவெடுக்கும் முன் பேசாதிருந்த பிள்ளை வாய்திறந்து பேசுக! ஒரு வெள்ளைத்தாளில் தன் விருப்பம், தன் திறம், தன் வீட்டுநிலை மூன்றையும் தன் கையாலேயே எழுதுக! எழுதியதைப் பெற்றோர்முன் அச்சமின்றி வைக்க! தெளிவிருந்தால் நேரே செல்க. தெளிவில்லையேல் வேரைத் தேர்க! வேர் ஊன்றியபின் எந்தக் கிளையில் காய்ப்பது என்பதை மரமே முடிவு செய்து கொள்ளும்.